பின்பக்கத்துக் குழாய்

போன வருஷம் ஜூன் மாதம். மழை பிடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவில் கீழ்வீட்டுக் காகு வந்து கதவைத் தட்டினார். (காகு என்றால் மராத்தியில் சித்தி, அத்தை மாதிரி. எங்கள் கட்டடத்தில் ஐம்பதைத் தாண்டிய எல்லாப் பெண்களும் எனக்குக் காகுதான்.)

"தும்ச்சா பிடாச்சா பைப் களதோய்" என்றார்.

பைப் புரிந்தது. களதோய், ஒழுகுகிறது, அதுவும் புரிந்தது. 'பிடாச்சா' மட்டும் பிடிபடவில்லை. அம்பர்நாத்தில் குடியேறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் என் மராத்தி ரயிலுக்கும் காய்கறிக்கும் மேலே போகவில்லை. தங்கமணிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "பீட்னா வார்ப்பிரும்பு. அவங்க காவன் சுடற கல்லு இல்ல, பிடாச்சா தவா, அது."

அதாவது நம் ஊர் தோசைக்கல் எந்த ஜாதி இரும்போ, அதே இரும்பில் செய்த கழிவுநீர்க் குழாய் எங்கள் வீட்டுப் பின்சுவரில் தொங்குகிறது, அது காகுவின் சமையலறைச் சுவரில் ஒழுகுகிறது.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "எங்களோடது இல்லீங்க, மூணாவது மாடிக்காரங்களோடதா இருக்கும். செக்ரட்டரிகிட்ட எழுதிக் கொடுங்க" என்றேன். மூன்றாவது மாடிக்காரரும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறார். செக்ரட்டரி அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்றார். மூன்று வாரம் போனது. காகு கேஸ் அடுப்பைத் தூக்கி ஹாலில் வைத்துச் சமைக்க ஆரம்பித்தார் என்பதே எனக்குத் தெரியாது. மாடிப்படியில் பார்த்தால் என் முகத்தைப் பார்க்காமல் போகிறாரே என்று மட்டும் தோன்றியது.

கடைசியில் விஷயத்தைத் தீர்த்தது எங்கள் பக்கத்துக் கட்டடத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். அம்பர்நாத் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அங்கே பித்தளையும் அலுமினியமும்தான், ஆனால் உலோகம் என்றால் அவருக்கு எதுவும் அந்நியமில்லை. பாத்ரூம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஒரு சின்ன ஸ்பானரால் குழாயைத் தட்டினார்.

"கேட்டியா தம்பி? கணீர்னு கோயில் மணி மாதிரி கேக்கணும். இது பொத்துன பானை மாதிரில்லா கேக்கு."

அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குழாயில் வைத்து அழுத்தினார். இரும்புக்குள் ஸ்க்ரூடிரைவர் இறங்கியது. வெளியே எடுத்தபோது முனையில் கருப்பாக, பென்சில் சீவின தூள் மாதிரி ஒட்டியிருந்தது. அது பென்சில் தூளேதான் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி இருக்கும். அது கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். ஈரமும் அமிலமும் வருஷக்கணக்கில் வேலை செய்தால் இரும்பு மட்டும் கரைந்து போய்விடும், கிராஃபைட் வலை அப்படியே நிற்கும். குழாய் பார்க்க முழுசாக இருக்கும், உருவம் மாறாது, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரிகூடத் தெரியும். உள்ளே இரும்பு இருக்காது. கடலுக்கடியில் கிடந்த பழைய பீரங்கிகளை எடுத்துப் பார்த்தால் கத்தியால் சீவலாம் என்பார்களே, அதே சமாச்சாரம். இதில் நம் பங்கும் உண்டு. கக்கூஸ் பளபளவென்று இருக்க வேண்டும் என்று வாரா வாரம் ஆசிட் ஊற்றுகிறோம் அல்லவா, பீங்கானுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கீழே இருக்கும் இரும்புதான் அதைக் குடிக்கிறது.

ஒழுகிய இடம் எங்கள் தளத்து மூட்டு. மேல்மாடி அல்ல. மூட்டுக்குள் அரசமரத்து வேர் ஒன்று புகுந்து, அங்கேயே தழைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

சரி, இவ்வளவு கனமான இரும்பை வீட்டுக்கு வெளியே, சுவரில் கொக்கி போட்டு ஏன் தொங்கவிட்டார்கள் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. பம்பாய்ப் பக்கத்துப் பழைய கட்டடம் எதையாவது பின்னாலிருந்து பாருங்கள். முகப்பில் பால்கனி, கம்பி வேலைப்பாடு எல்லாம் இருக்கும். முதுகில் நரம்பு புடைத்த மாதிரி குழாய்கள். ஊரில் அப்படி நான் அதிகம் பார்த்ததில்லை. இதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

பம்பாய்க்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1860ல். விஹார் ஏரியில் அணை கட்டி, 32 அங்குல வார்ப்பிரும்புக் குழாயில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். குழாய்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. தண்ணீர் உள்ளே வர வழி செய்தவர்கள், அது வெளியே போக வழி செய்யவில்லை. கிணற்றில் இறைத்த காலத்தில் ஒரு வீட்டுக் கழிவுநீர் மண்ணிலேயே சுவறிவிடும். குழாயைத் திறந்தால் கொட்டுகிற காலத்தில் சுவறாது. சாக்கடைகள் நிரம்பித் தெருவில் வழிந்தன. வொர்லி லவ் குரோவில் பம்பிங் ஸ்டேஷன் வைத்துக் கழிவைக் கடலுக்குத் தள்ள ஆரம்பிக்க 1880கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகும் ஊரின் பெரும்பகுதி அந்த ஏற்பாட்டுக்கு வெளியேதான் இருந்தது. 1890ல் பால்ட்வின் லேதம் என்ற இங்கிலாந்து நிபுணரை வரவழைத்து நகர சுகாதாரம் பற்றி அறிக்கை வாங்கினார்கள். (அறிக்கை வாங்குவது அப்போதும் சுலபம்.)

அதுவரை? நம் ஊரில் எடுப்புக் கக்கூஸ் என்போமே, அதுதான். வீட்டுக்குப் பின்னால் கூடை. அதை அள்ள வருகிறவர்களுக்குப் பம்பாயில் 'ஹலால்கோர்' என்று பெயர். நியாயமாக உழைத்துச் சாப்பிடுகிறவர் என்று அர்த்தம். எவ்வளவு கௌரவமான பெயரைக் கொடுத்து எங்கே நிறுத்தி வைத்தார்கள் பாருங்கள். 1888ஆம் வருஷத்து பம்பாய் முனிசிபல் சட்டத்தில் சொத்து வரியோடு 'ஹலால்கோர் வரி' என்றே ஒரு தலைப்பு இருந்தது. பிற்பாடு அதன் பெயரை சீவரேஜ் வரி என்று மாற்றினார்கள்.

அதே சட்டத்தில் 'ஹவுஸ் கல்லி' என்று ஒரு சொல்லுக்கும் விளக்கம் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. சாக்கடை ஓடவும், கக்கூஸைச் சுத்தம் செய்ய வருகிற ஆள் உள்ளே போகவும் ஒதுக்கிய இடம். வீட்டுக்காரர் கண்ணில் படாமல் அவர் வந்து, கண்ணில் படாமல் போக வேண்டும், அதற்காகவே ஒரு தெரு. பிறகு தண்ணீர் ஊற்றும் கக்கூஸ்கள் வந்தபோது குழாய்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. கூடை இருந்த பக்கத்திலேயே, அதே சந்தில் இரும்பு ஏறியது.

வீட்டுக்கு உள்ளே ஏன் ஏறவில்லை என்பதற்கு இன்னொரு காரணம், பயம். நோய் என்பது நாற்றத்தில் பரவுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை படித்தவர்கள் நம்பினார்கள். 1871ல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனுக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது, இங்கிலாந்தில் பணக்காரர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுச் சாக்கடையைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சாக்கடை வாயு வீட்டுக்குள் வரக் கூடாது. ஆகவே குழாய் வெளிச் சுவரில். அதன் தலை மொட்டை மாடிக்கு மேலே நீட்டி, வாயு ஆகாசத்துக்குப் போக வேண்டும். கக்கூஸுக்குத் தனிக் குழாய், குளியலறைக்கும் சமையலறைக்கும் தனிக் குழாய். ஒவ்வொரு வாயிலும் வளைந்த ட்ராப், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் காவல். வளைவைக் கண்டுபிடித்து 1775ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், தொழில் கடிகாரம் செய்வது.

குளியலறைத் தரையில் இருக்கும் ட்ராப்புக்கு 'நஹானி ட்ராப்' என்று ஏன் பெயர் தெரியுமா? மராத்தியில் குளிக்கும் இடத்துக்கு 'ந்ஹாணி' என்று பெயர். அந்தச் சொல் பிளம்பர்கள் வாயில் தேசம் முழுக்கப் போய், இந்திய தர நிர்ணயப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலும் நஹானி ட்ராப் என்றுதான் கேட்பார்கள், மராத்தி என்று தெரியாமலே.

1896ல் மாண்ட்வியில் பிளேக் தொடங்கியது. கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். மாநகராட்சி என்ன செய்தது? சாக்கடைகளில் கடல் தண்ணீரையும் கார்பாலிக் அமிலத்தையும் கொட்டிக் கழுவியது. நாற்றம்தான் எதிரி என்ற பழைய கணக்கு. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று பால் லூயி சிமோன் 1898ல் சோதனை செய்து காட்டியும், அதை உலகம் ஏற்க இன்னும் பல வருஷம் ஆனது. ஆனால் தப்பான காரணத்துக்காகச் செய்ததில் சில நல்லவையும் விளைந்தன. 1898ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்தது. அது போட்ட திட்டத்தில்தான் தாதர், மாதுங்கா பகுதிகள் மனைகளாகப் பிரிந்தன. நம்மவர்கள் வந்து இறங்கிய மாதுங்கா.

நிகில் ராவ் 2013ல் எழுதிய 'ஹவுஸ், பட் நோ கார்டன்' என்ற புத்தகம் இந்த மாதுங்கா ஃபிளாட்டுகளைப் பற்றியது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே வந்தது அந்த ஃபிளாட்டுகளில்தான் சாதாரண விஷயம் ஆனது, மடி ஆசாரம் பார்த்த தென்னிந்தியக் குடும்பங்கள் அதோடு வாழப் பழகிக்கொண்டன என்கிறார். யோசித்துப் பாருங்கள். ஊரில் கக்கூஸ் கொல்லைக் கடைசியில். போய் வந்தால் காலில் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே வர முடியாது. அப்படிப்பட்டவர்கள் சமையலறைக்கு ஒரு சுவர் தள்ளிக் கக்கூஸை ஒப்புக்கொண்டார்கள். பீங்கானும், இரண்டு அங்குலத் தண்ணீரும், சுவருக்கு வெளியே தொங்கும் இரும்புக் குழாயும் கொடுத்த தைரியம் அது.

என் அம்மா முதல்முறை அம்பர்நாத் வந்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சமையலறைச் சுவரைக் கையால் தட்டி, "இதுக்கு அந்தப் பக்கம் என்னடா?" என்றாள். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சாமி படத்தை மட்டும் அந்தச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில் மாட்டினாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவின் ஊர் பரங்கிப்பேட்டைக்குப் பக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இரும்புக் கதையில் அந்த ஊருக்கும் ஓர் இடம் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர், வேலையை விட்டுவிட்டு 1830ல் அங்கே ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பு உருக்காலை ஆரம்பித்தார். சேலத்துப் பக்கத்துத் தாது, விறகுக் கரி உலை. கரிக்குக் காடு போதவில்லை, நஷ்டத்துக்கு மேல் நஷ்டம், 1860களில் மூடிவிட்டார்கள். ஹீத் அதற்கு முன்பே இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கி, அதைக் காப்பாற்ற வழக்காடியே ஏழையாகி 1851ல் இறந்துபோனார். பரங்கிப்பேட்டையில் உலை அணைந்த காலத்தை ஒட்டித்தான் பம்பாய்க்குச் சீமை இரும்புக் குழாய் வந்து இறங்கியது. பிறகு வங்காளத்துக் குல்டியில் 1870களில் தொடங்கிய ஆலை வார்ப்பிரும்புக் குழாய்க்குப் பெயர் பெற்றது. எங்கள் குழாய் எந்த ஊர் வார்ப்பு என்று முத்திரை தேடினேன். துருவில் எதுவும் மிஞ்சவில்லை.

அம்பர்நாத்தின் சொந்தக் கதை வேறு. ஊரின் பெயருக்குக் காரணமான சிவன் கோயிலில் உள்ள கல்வெட்டு சக வருஷம் 982, அதாவது 1060. சிலாஹார ராஜாக்கள் கட்டியது. அதற்குப் பிறகு ரொம்ப காலம் பெரிதாக ஒன்றுமில்லை. 1920களில் விம்கோ தீப்பெட்டி ஆலை, தேசப் பிரிவினையில் அகதிகள், 1950களில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி, 1960களுக்குப் பிறகு எம்.ஐ.டி.சி. ரசாயன ஆலைகள். குவார்ட்டர்ஸுக்கு வந்த தமிழர்கள் ரிடையர் ஆனதும் ஊர் திரும்பாமல் பக்கத்திலேயே ஃபிளாட் வாங்கினார்கள். எங்கள் கட்டடமும் 1970களில் அப்படி வந்ததுதான். பம்பாய்க் கான்ட்ராக்டருக்குத் தெரிந்தது பம்பாய் முறை. பாதாளச் சாக்கடையே இல்லாத இடத்தில், அதற்காக உருவான இரண்டு குழாய் ஏற்பாட்டை அப்படியே கொண்டுவந்து கீழே ஒரு செப்டிக் டேங்கில் விட்டார். டேங்க் வழிந்தால் நாலாவுக்கு, நாலா வால்துனி ஆற்றுக்கு. ஆறு போவது அந்த 1060ஆம் வருஷத்துக் கோயிலை ஒட்டி.

ரிப்பேருக்கு வருகிறேன். ஹவுசிங் சொசைட்டி விதிகளின்படி வெளியே உள்ள பொதுக் குழாய் சொசைட்டி பொறுப்பு, ஃபிளாட்டுக்குள் உள்ளது வீட்டுக்காரர் பொறுப்பு. மூட்டு எதைச் சேர்ந்தது? இதற்கு ஒரு மணி நேரம் சண்டை. ஸ்டாக் சொசைட்டிக்கு, கிளைக் குழாய் எனக்கு என்று முடிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். எம்-சீல் தடவி ஏமாறாதீர்கள், கிராஃபைட் மேல் அது ஒரு மழைக்குத்தான். உளி சுத்தியலால் தட்டவும் விடாதீர்கள். ஓர் ஆறடித் துண்டு சுமார் 20 கிலோ. ஒன்று விரிந்தால் அதன் மேல் நிற்பதெல்லாம் ஆடும். மேலே உள்ளதைக் கிளாம்ப் போட்டுத் தாங்கிவிட்டு, கெட்ட துண்டை அறுத்து எடுத்து, பி.வி.சி. துண்டை ரப்பர் கப்ளிங் வைத்துச் சேர்ப்பதுதான் சரி.

பிளம்பர் வந்தார். ஆனால் சந்துக்குள் இறங்கியது பிளம்பர் இல்லை. அவர் கூட்டிவந்த ஆள். எங்கள் பின்சந்து இரண்டடி அகலம், கணுக்காலுக்கு மேல் கருப்புத் தண்ணீர். கையுறை கொடுக்கச் சொன்னேன், பிளம்பர் சிரித்தார். தங்கமணி கடைக்கு ஓடிப்போய் ரப்பர் கையுறை வாங்கி வந்தாள், அது பாத்திரம் கழுவுகிற வகை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993லும் 2013லும் வந்திருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒரு மூட்டைப் பிரிக்கச் சந்தில் நிற்கிறவர் இதில் எங்கே வருவார் என்று நான் ஜன்னலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூட்டைப் பிரித்ததும் உள்ளே சணல் கயிறும், அதன் மேல் உருக்கி ஊற்றிய ஈயமும் அப்படியே வந்தன. ஈயத்தை அவர் தனியே ஒரு சாக்கில் போட்டார். எடைக்குப் போட்டால் காசு. அறுத்த குழாயைக் கயிறு கட்டி இழுக்கும்போது மேலே நிமிர்ந்து, நான் தங்கமணியிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "தமிழா சார்?" என்றார். விழுப்புரம் பக்கமாம். அப்பா காலத்திலேயே வந்தார்களாம். நான் பரங்கிப்பேட்டை என்றேன். "அட, நம்ம பக்கம்தான்" என்று சிரித்தார்.

வேலை முடிந்து, பின்வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு மேலே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். சமையலறை மேடையில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. நான் ஃபிரிட்ஜைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பி நீட்டினார். "வச்சுக்கோங்க" என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, சரி சார் என்று போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி தங்கமணி அந்தப் பேச்சை எடுத்தாள். நான் தூக்கம் வருகிறது என்றேன்.

காகுவின் சமையலறைச் சுவர் காய்வதற்குக் கணபதி பண்டிகை வரை ஆனது. அடுப்பு உள்ளே போன அன்று காவன் நாலு கொடுத்தனுப்பினார், தேங்காய்ச் சட்னியோடு. நான் கீழே போய், தெரிந்த மராத்தியில் மன்னிப்புக் கேட்டேன். வினைச்சொல்லை அவர் திருத்தினார்.

மூன்றாவது மாடி வரை இன்னும் நாலு துண்டு பழைய பைப் பாக்கி. அண்ணாச்சி தட்டிப் பார்த்ததில் ஒன்றுதான் கணீரென்கிறது. இந்த மழை முடிந்து தீபாவளிக்குப் பிறகு மாற்றுவதாக மீட்டிங்கில் முடிவாகியிருக்கிறது. விழுப்புரத்துக்காரரின் நம்பரை நானே பிளம்பரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.